நாற்பத்தொன்றுக்கு நாற்பத்தொன்று

என் கையெழுத்து முத்துமுத்தாக இருக்கும் என்று அலுவலகத்தில் எல்லோரும் சொல்வார்கள். உங்கள் மேசையில் கிடக்கும் அந்தச் சீட்டைப் பார்த்தாலே தெரியும். ‘இயந்திரம் பொருத்தப்பட்டுவிட்டதால் பவுடர் தேவையில்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டவன் நான்தான். ஆள் வைத்து ஒப்பிட்டுப் பார்க்க வேண்டாம். சீட்டை என் பக்கம் தள்ளிவிட்டு என் முகத்தையே பார்க்கிறீர்கள். முகத்தில் ஒன்றும் கிடைக்காது. வரிசையாகச் சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள்.

நகராட்சியின் ஆண்டறிக்கையைத் தயாரிப்பது பத்தொன்பது வருடமாக என் வேலை. எந்தச் சாலை போட்டார்கள், எந்தத் தெருவுக்கு விளக்கு வந்தது, எந்தச் சாக்கடைக்கு மூடி போட்டார்கள் எல்லாம் அதில் வரும். ஒவ்வொரு பணிக்கும் எதிரே கடைசிக் கட்டத்தில் ‘முடிந்தது’ அல்லது ‘நிலுவை’ என்று எழுதுவேன். நிலுவை இல்லாமல் ஒரு வருடம்கூட அமைந்ததில்லை. போன வருடக் கூட்டத்தில் ஆணையர் எல்லோர் முன்னாலும், “உங்க அறிக்கைய படிச்சா நாம எதெல்லாம் செய்யலன்னு நல்லா தெரிஞ்சுக்கலாம்” என்றார். அரங்கம் சிரித்தது. நானும் சிரித்தேன். அன்று வீட்டில் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. வேலையைச் செய்யாதவர்கள் வேறு யாரோ, அசிங்கப்பட்டது நான்.

இந்த வருடம் மொத்தம் நாற்பத்தொரு பணிகள். நாற்பது முடிந்துவிட்டன. மிஞ்சியது ஒன்றுதான்: மேட்டுத் தெருவின் குடிநீர்த் தொட்டிக்குக் குளோரின் கலக்கும் இயந்திரம். அதுவரை தண்ணீர் திறந்துவிடுபவர் தினமும் காலையில் ஏணியில் ஏறித் தன் கையாலேயே பிளீச்சிங் பவுடரைக் கரைத்து ஊற்றிக்கொண்டிருந்தார். வால்வு திறக்கும் நீளமான இரும்புச் சாவி எப்போதும் தோளில் இருப்பதால் அவரைச் சாவிக்காரர் என்றுதான் கூப்பிடுவோம். இயந்திரம் பெட்டியோடு கிடங்குக்கு வந்துவிட்டது. குழாயோடு சேர்க்கும் மூட்டு மட்டும் அளவு மாறி வந்திருந்தது.

எங்கள் அலுவலகத்தில் ஒரு வழக்கம் உண்டு. சாமான் கிடங்குக்கு வந்துவிட்டால் வேலை முடிந்த மாதிரி. நான் கண்டுபிடித்ததில்லை, எனக்கு முன்பிருந்தவரும் அப்படித்தான் எழுதினார். நானும் ‘முடிந்தது’ என்று எழுதினேன். நாற்பத்தொன்றுக்கு நாற்பத்தொன்று.

அந்த வழக்கத்துக்கு ஒரு வால் உண்டு. ‘முடிந்தது’ என்று எழுதிய பட்டியல் அன்றைக்கே கிடங்குக்கும் போய்விடும். புதிய ஏற்பாடு வந்ததும் பழைய ஏற்பாட்டை அவர்கள் நிறுத்திவிடுவார்கள். குழாய் போட்ட தெருவுக்குத் தண்ணீர் லாரி போகாது. அதேபோல, இயந்திரம் வைத்த தொட்டிக்குப் பவுடர் போகாது. யாரும் உத்தரவு போட வேண்டியதில்லை, தானாக நின்றுவிடும்.

இது எனக்குத் தெரியுமா என்று கேட்கிறீர்கள். பத்தொன்பது வருடம், ஐயா. தெரியாமல் என்ன.

பட்டியல் போன நான்காம் நாள் சாவிக்காரர் என் மேசைக்கு வந்தார்.

“சார், கிடங்குல பவுடர் தரமாட்டேங்கிறாங்க.”

“மெஷின் இருக்கே, பவுடர் எதுக்கு?”

“மெஷின் பெட்டிக்குள்ள இருக்கு சார். தொட்டியில ஒண்ணுமே போகல.”

அது பெட்டிக்குள் இருப்பது எனக்குத் தெரியாதா. ஆனால் அறிக்கை அச்சுக்குப் போயிருந்தது. ஒரு மூட்டை பவுடர் கொடுத்தாலும் பதிவேட்டில் ஏறும், முடிந்த வேலைக்கு எதற்குப் பவுடர் என்று யாராவது கேட்பார்கள். பக்குவமாகச் சொல்லி அனுப்பினேன். மறுபடி வந்தார். மூன்றாவது தடவை, எழுதித் தந்தால் போகிறேன் என்று நின்றார். எழுதித் தந்தேன். அப்போதே அவர்மேல் எனக்குச் சந்தேகம்தான். படிக்காத மனிதருக்குக் காகிதம் எதற்கு? அன்று அவர் வாசலில் யாரோடு பேசுகிறார், எந்தப் பக்கம் போகிறார் என்று ஜன்னலில் நின்று பார்த்தேன். சாவியைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டு நேரே தொட்டிப் பக்கம்தான் போனார். அதுவும் எனக்கு நல்லதாகப் படவில்லை.

அன்று சாயங்காலம் அக்காவுக்குப் போன் செய்தேன். அக்கா இருப்பது மேட்டுத் தெருவில். கொஞ்ச நாளைக்குத் தண்ணீரைக் காய்ச்சிக் குடியுங்கள் என்றேன். எதற்கென்று கேட்டாள். தொட்டி கழுவுகிறார்கள் என்றேன். எதிர் வீட்டுக்கும் ஒரு வார்த்தை சொல்லட்டுமா என்று கேட்டாள். அந்த வீட்டுப் பெண்ணும் அக்கா மகளும் ஒரே வகுப்பு. ஒரே தட்டில் சாப்பிட்டு, ஒரே செம்பில் குடித்து வளர்ந்ததுகள். நான் வேண்டாம் என்றேன். ஊரெல்லாம் தண்டோரா போடாதே என்றேன்.

பத்தாம் நாள் சரியான அளவு மூட்டு வந்தது. அரை மணி நேர வேலை. ஆனால் எங்கள் குழாய்ப் பொருத்துநர் அன்றைய தேதி போட்டுத்தான் கையெழுத்து வைப்பார். அறிக்கைக்கு முந்தைய தேதியைப் போடச் சொன்னால் ஏன், எதற்கு என்று ஆயிரம் கேட்பார். ஆண்டு விழா அரங்கில் நகராட்சித் தலைவர் அறிக்கையை வாசிக்க இன்னும் பதினோரு நாள்தான். அது முடியட்டும் என்று அந்தக் குழாய் இணைப்பை என் மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டினேன். நீங்கள் எடுத்தது அதுதான். கிடங்குக்காரருக்கு அதில் எந்தச் சம்பந்தமும் இல்லை.

பதினாலாம் நாள் மேட்டுத் தெருவில் வாந்தி, பேதி ஆரம்பித்தது. விழாவுக்குள் இரண்டு பேர் போய்விட்டார்கள். தலைவர் முதலில் அவர்களுக்காக ஒரு நிமிடம் எல்லோரையும் எழுந்து நிற்கச் சொன்னார். பிறகு அறிக்கையை வாசித்தார். நூற்றுக்கு நூறு என்று சொன்னதும் ஆணையர் என்னைத் தேடிப் பார்த்துக் கை தட்டினார். மறைக்க என்ன இருக்கிறது, எனக்குக் கண் கலங்கிவிட்டது.

மறுநாளே பொருத்தச் சொல்லியிருப்பேன். ஆனால் மறுநாள் காலை சுகாதார ஆய்வாளர் தொட்டிக்குப் பூட்டுப் போட்டுவிட்டார். அதன் பிறகு இன்னும் நான்கு பேர். கடைசியாகப் போனது எதிர் வீட்டுப் பெண்.

எல்லோருக்கும் சாவிக்காரர்மேல்தான் சந்தேகம். தூங்கிவிட்டார், குடித்துவிட்டு வந்தார், பவுடரை விற்றுவிட்டார் என்று வாய்க்கு வந்ததைச் சொன்னார்கள். அவர் வீட்டுக் கதவை உடைத்தார்கள். என் சீட்டை அவர் நீட்டியபோது, இவனே எழுதிக்கொண்டிருப்பான் என்று அதையும் பிடுங்கிக்கொண்டார்கள். நீங்களும் அவரை ஒன்பது நாள் உள்ளே வைத்திருந்தீர்கள். நான் சும்மா இருந்தேன். யோசித்துப் பார்த்தால் அவர்மேலும் தப்பு இருக்கிறது. மூன்று தடவை வந்தவர் நாலாவது தடவை வந்திருக்கலாம்.

சுகாதார ஆய்வாளர் வீடு வீடாகப் போய்ப் படம் வரைந்தார். நோய் வந்த வீட்டுக்கெல்லாம் சிவப்புப் புள்ளி. அந்த வரிசையில் புள்ளி இல்லாத வீடு ஒன்றே ஒன்று, அக்கா வீடு. காய்ச்சித்தான் குடிக்கிறோம் என்றாளாம். எப்போதிலிருந்து என்று கேட்டாராம். தேதியைச் சொல்லும்போதுதான் தனக்கே உறைத்தது என்று பிறகு என்னிடம் சொன்னாள்.

நேற்று மத்தியானம் வந்தாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

“எதிர் வீட்டுக்குச் சொல்லட்டுமான்னு கேட்டேன்ல, தம்பி?”

“கேட்ட.”

“நீ வேண்டாம்னு சொன்ன.”

“ஆமா.”

“அந்தப் புள்ள கடைசியா தண்ணிதான் கேட்டுச்சு. நான்தான் அவங்க வீட்டுப் பானையில இருந்து மொண்டு குடுத்தேன்.”

அவள் அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அழவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு நேரே உங்களிடம்தான் வந்திருக்கிறாள். கூடப் பிறந்தவள் என்று எனக்கு வருத்தம் உண்டு, கோபம் இல்லை. சாவிக்காரரை இன்று வெளியே விட்டுவிடுவீர்கள் அல்லவா? நல்லது.

முழுதாக எழுதிக்கொள்ளுங்கள். தொட்டியில் மருந்து போகவில்லை என்று எனக்கு நான்காம் நாளிலிருந்து தெரியும். நிறுத்தியிருக்கக்கூடியவன் நான் ஒருவன்தான், நிறுத்தவில்லை. ஆறு பேர் சாவுக்கும் நானே காரணம். கீழே கையெழுத்துப் போடுகிறேன், ஆனால் இந்தத் தாளில் ஒரு வரி விட்டுப்போயிருக்கிறது, அதையும் சேர்க்க வேண்டும். அக்கா, மாமா, இரண்டு பிள்ளைகள். நான்கு உயிரை நான் காப்பாற்றியிருக்கிறேன் ஐயா, அதை இதுவரை ஒருவர்கூடச் சொல்லவில்லை.