பழைய பாதையை மறக்காத மேனேஜர்

நீ காலையில் போட்ட டீ நன்றாக இருந்தது. அந்தத் தெம்பில்தான் இதை எழுதித் தருகிறேன். உன் தம்பியின் பதினோரு வருடப் பாட்டு எப்படி அழிந்தது என்று கேட்டாய். மனைவி கேட்க வேண்டிய கேள்விதான்.

முதலில் குற்றவாளியைச் சொல்லிவிடுகிறேன்: என் லினக்ஸ் கணினியை உள்ளிருந்து நடத்துகிற, ‘சிஸ்டம் மேனேஜர்’ என்ற நிரல். எந்த டிஸ்க் எந்த வாசலில் செருகியிருக்கிறது என்று ஒருமுறை பார்த்து மனதில் வைத்துக்கொள்ளும். அப்புறம் அதை உருவிவிட்டு வேறொன்றைச் செருகினாலும் திரும்பிப் பார்க்காது. குடித்தனம் மாறிய வீட்டில் நுழைந்து, புதிதாக வந்தவன் சட்டையைப் பிடிக்கிற ரகம். வியாழன்தோறும் பதினொரு மணிக்கு, வேண்டாததையெல்லாம் கொட்டிவைக்கிற குப்பை டிஸ்க்கைச் சுத்தமாகத் துடைக்கச் சொல்லி அதனிடம் ஒப்படைத்திருந்தேன்.

இந்தக் கோளாறில் மாட்டித் தவித்தவர்கள் உலகத்தில் நாலு கோடிப் பேராவது இருப்பார்கள். சரிசெய்தவன் நான். டிஸ்க்கை உருவியதும் அதன் பாதையை, அதாவது அது இருந்த வாசலை, மறந்துவிடு, வேண்டும்போது புதிதாக விசாரி. அவ்வளவுதான், ஆறே வரி நிரல். திங்களன்று எழுதி, முன்னூறு தடவை உருவிச் செருகிப் பார்த்தேன். ஒருதடவைகூடத் தப்பவில்லை.

செவ்வாயன்று உன் தம்பி அளவு டேப்போடு என் அறைக்குள் வந்தான்.

“அத்தான், வெள்ளிக்கிழமை கம்பெனிக்காரங்க என் பாட்டைக் கேக்கறாங்க. எடுத்துக்கிட்டா இந்த ரூம்தான் ஸ்டுடியோ. அக்கா சரின்னுட்டா.”

“நான் எங்கடா போறது, மாப்ளே?”

“படிக்கட்டுக்குக் கீழ இடம் சும்மாதானே கெடக்கு? குனிஞ்சே உக்காந்தா தல இடிக்காது.”

எனக்குக் கோபமே வரவில்லை. அவன் குரலெடுத்தால் பல்லிகள் குடும்பத்தோடு வீட்டைக் காலி செய்யும். அதைக்கூட நான் குறையாகச் சொன்னதில்லை.

“பாட்டெல்லாம் வேற எங்கயாவது காப்பி எடுத்து வெச்சிருக்கியா?” என்று அக்கறையாகக் கேட்டேன்.

“இந்த ஒரே டிஸ்க்தான் அத்தான். உங்ககிட்டயே இருக்கட்டும். நீங்க இருக்கறப்ப எனக்கென்ன பயம்?”

வியாழன் காலை பத்தே முக்காலுக்கு என் திருத்தத்தைக் கழற்றினேன். பழைய மேனேஜரை எழுப்பி, குப்பை டிஸ்க்கை ஒருமுறை காட்டினேன். அதை உருவி, அதே வாசலில் உன் தம்பியுடையதைச் செருகினேன். பதினொன்றுக்கு அது தன் கடமையைச் செய்தது. பதினொன்றேகாலுக்குத் திருத்தத்தைத் திரும்ப மாட்டினேன். அன்றிலிருந்து கணினி அப்பழுக்கில்லாமல் ஓடுகிறது. ஆக, தப்பு என் பக்கம் இருந்தது அரை மணி நேரம்தான்.

கையில் ஒரு பாட்டும் இல்லாமல் போனவன், நேரிலேயே நின்று பாடி, மூன்று பேரை அழவைத்து, ஒப்பந்தத்தோடு திரும்புவான் என்று நான் கண்டேனா?

“எல்லாம் போன துக்கத்துல பாடினேன் அத்தான், அதான் அவங்களுக்குப் பிடிச்சுப்போச்சாம்” என்று என்னைக் கட்டிக்கொண்டான்.

அறையை இன்றே காலி செய்கிறேன். படிக்கட்டுக்குக் கீழே காற்றுகூட நன்றாகத்தான் வருகிறது. அவனுடைய புதுக் கணினியை மட்டும் நானே அமைத்துக் கொடுத்துவிடுகிறேன். இந்த மாதிரி விஷயத்தில் வெளியாட்களை நம்ப முடியாது.