நெட் கார்டில் விளக்கு எரிகிறது

பகல் இரண்டு பத்து. திருவொற்றியூரில் சிக்னலுக்காக ரயில் நின்றது. கடல் காற்றில் பெட்டியே அரைத்தூக்கத்தில் இருந்தது. எதிர் இருக்கையில் பிரவுசிங் சென்டர் நடத்துபவர் நண்பரிடம் சொன்னார்:

“நெட் கார்டு உயிரோட கீது மாமு, வெளக்கு எரியுது. கம்ப்யூட்டருக்குத்தான் அப்புடி ஒண்ணு கீதுன்னே தெரியல.”

“நேத்து இன்னா பண்ண?”

“லினக்ஸுக்கு இன்ஜின் மாதிரி கீதே கெர்னல், அத புதுசா போட்டேன். அப்பலேர்ந்து நெட் இல்ல. மச்சான் வேல செய்யற கப்பல் இன்னிக்கு மட்டுந்தான் வெளிநாட்டுக் கரையில நிக்கிது. நாலு மணிக்கு கேமராவுல கொழந்தய மொதமொத பாக்கணும். தங்கச்சி கொழந்தயத் தூக்கினு காலைலயே சென்டருக்கு வந்து குந்திகினு கீது.”

“பழைய கெர்னல அழிச்சிட்டியா?”

“இல்ல.”

“அப்ப ஆன் பண்ணசொல்ல வர்ற லிஸ்ட்ல பழசு ரெண்டாவதா நிக்கும். அத எடு. அதுக்கு கார்டத் தெரியும்.”

ரயில் நகர்ந்தது. ராயபுரம் வரை சென்டர்காரர் தூரத்துக் கிரேன்களையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் இறங்க எழுந்தபோது நண்பர் சொன்னார்:

“கம்ப்யூட்டர் எழுந்துக்கும். கொழந்தய தூங்காம பாத்துக்கோ.”