எலாடியோவோட ஓட்டு

...தலைய ஆட்டாதீங்க, கத்திரி காதுல பட்டுரும். நானா? நானா ஊதாக் கட்சிக்கு ஓட்டுப் போட்டேன்? யாரு சொன்னது... அந்த ரொட்டிக் கடைக்காரிதானே! துரியால்பா ஊரு பூரா இதே பேச்சு. பொறந்ததுலேருந்து மஞ்சக் கட்சிங்க நான். எங்க வீட்டுக் கூரையப் பாருங்க, ஒரு மூலையில என் கொடி, இன்னொரு மூலையில எம் புருஷன் எலாடியோவோட ஊதாக் கொடி. தேர்தல் வந்தா ஒரே மேசையில சாப்பிட மாட்டோம். காபி கூட அவரே போட்டுக்குவாரு... அது ஒரு கண்றாவிக் காபி, அத விடுங்க.

இந்தத் தடவைதான் சிக்கல். சர்க்கரை வந்து அவருக்குக் கண்ணு சுத்தமாப் போச்சா... கையப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போக ஆள் வேணும். எந் தங்கச்சி மைரா சொல்றா, "பேசாம வீட்டுல உக்கார வையிக்கா, எதிரி ஓட்டு ஒண்ணு குறையும்." ஆசையாத்தான் இருந்துச்சு, பொய் சொல்லல! ஆனா மனுஷன் குளிச்சு, இஸ்திரிச் சட்டை போட்டு, கையில ஊதாக் கொடியோட வாசல்ல நிக்கிறாரு. எப்படிங்க விட்டுட்டுப் போறது?

ஓட்டுப் போடுற பள்ளிக்கூடம் மேட்டுல. மழை வேற. மஞ்சச் சட்டையில நான்... என் தோளப் பிடிச்சுக்கிட்டு ஊதாக் கொடிய ஆட்டிக்கிட்டு அவரு! தெருவே சிரிக்குது. வழி பூரா எங்க தலைவர வேற திட்டுறாரு. நான் திருப்பித் திட்ட, எனக்கு மூச்சு வாங்குது.

அங்க அதிகாரி கேக்குறாரு, "உங்களுக்காகக் குறி போட யாரு உள்ள வர்றது?" ஊதாக் கட்சி ஆளுங்க ஓடி வர்றாங்க. இவரு கையாலயே தள்ளிட்டு, "ஓடிலி போடுவா"ன்னாரு. ஓடிலி யாரு? நாந்தான்!

மறைப்புக்குள்ள நானும் அவரும். சீட்டுல எங்காளு படம் என்னையே பாத்துச் சிரிக்குது. பக்கத்துல அந்த ஊதா மூஞ்சி... கை தானா மஞ்சப் பக்கம் போகுதுங்க. இவரு என்னடான்னா விசிலடிச்சுக்கிட்டு நிக்கிறாரு! போட்டேன்... பல்லக் கடிச்சுக்கிட்டு ஊதாவுலதான் போட்டேன். அப்புறம் என் சீட்டுல, மஞ்சளுக்கு, கிழியற மாதிரி அழுத்திப் போட்டேன்.

இப்ப கோஸ்டா ரிகா பூரா அவங்கதான் ஜெயிச்சிருக்காங்க. "எம் பொண்டாட்டி கையாலயே ஜெயிச்சோம்"னு இவரு ஊரெல்லாம் தம்பட்டம். அதக்கூடப் பொறுத்துக்குவேங்க. ஆனா திரும்பி வரும்போது, "சரியாப் போட்டியாடி?"ன்னு ஒரு வார்த்தை... ஒரே ஒரு வார்த்தை கேக்கலையே! இத்தனை வருஷமா எதிர்க்கட்சியா இருந்திருக்கேன்... கொஞ்சமாவது என்னைச் சந்தேகப்பட வேண்டாமா?