முதலில் அறுபடும் லைன்

— அத்த அமுத்தினா இன்னா ஆவும்? ஒரு சுவிட்ச்சு தானே.

— கை வெக்காத கெங்கா. உன்ன கண்ட்ரோல் ரூமுக்குள்ள வுட்டதே தப்பு. சோத்த வெச்சிட்டு கெளம்பு.

— சோறு குட்க்கவா இம்மாந்தூரம் வந்தேன்? பக்கத்து வூட்டு மலர்க்கொடி அவ பொண்ண ஆஸ்பத்திரிலேந்து இட்டாந்துட்டா. மாயாவுக்கு இப்போ மூச்சு எளப்புக்கு மிஷின்ல மருந்து வெச்சிகினு கீறாங்க. போன வாட்டி பாதில கரண்ட்டு பூட்ச்சி. கொயந்த ஒதடே நீலமா பூட்ச்சிய்யா. தூக்கினு ஷேர் ஆட்டோவுக்கு ஓட்னவ நானு.

— தெரியும்.

— தெரிஞ்சி இன்னா பண்ண? வூட்டுக்காரன் சப் ஸ்டேஷன்ல ஆபரேட்டரு, ஆனா எப்ப பாத்தாலும் நம்ம ஹவுசிங் போர்டுதான் மொதல்ல இருட்டு. கேக்கறவங்களுக்கு நான் இன்னான்னு சொல்றது?

— நான் கட் பண்றதில்ல. அதோ அந்த மீட்டர்ல முள்ளு கீது பாரு. அம்பதுல நிக்கணும். இப்போ நாப்பத்தெட்டரைல தள்ளாடினு கீது.

— முள்ளுக்கும் மாயாவுக்கும் இன்னா சம்மந்தம்?

— கேளு. நாலு ஸ்டேட்டு கம்பியும் ஒண்ணா கோத்துகிறாங்க. எல்லாரும் ஜாஸ்தியா இஸ்த்தா, அத்திப்பட்டுல கரண்ட்டு எடுக்க சுத்தற மிஷின்லேந்து எல்லாத்துக்கும் மூச்சு வாங்கும். முள்ளு எறங்கும். ரொம்ப எறங்கிச்சின்னா இந்த ரிலே பொட்டி தானா நம்ம லைன அறுத்து வுட்ரும். பாரம் கொறையும், மிஷினு தப்பிக்கும். அறுக்கலன்னு வெய்யி, ஒண்ணொண்ணா அல்லா மிஷினும் படுத்துரும். அப்பால ரயிலு, ஆஸ்பத்திரி, ஊரே இருட்டு.

— அந்தப் பொட்டிய இன்னைக்கு மட்டும் தூங்க வெய்யிய்யா. எவனுக்குத் தெரியப்போவுது?

— நான் பக்கத்து வூட்டுக்காக அமுத்தி வெக்கறேன். அடுத்த ஸ்டேஷன்காரன் அவன் மச்சானுக்காக அமுத்தி வெக்கறான். முள்ளு எறங்கசொல்ல அறுக்கறதுக்கு ஒரு லைனு இருக்காது. மாயாவ சேத்திருந்த வார்டுலயும் கரண்ட்டு இருக்காது. அதுக்குத்தான் ரூலு போட்டு வெச்சிகிறாங்க. புர்தா?

— புர்து. யாரோ ஒர்த்தன் லைன அறுத்துத்தான் ஆவணும். அது ஏன் நம்மளுது?

— ஆபீசரு முடிவு அது.

— எறங்குதுய்யா முள்ளு.

— பாக்கறேன். எல்லாரும் லைட்டு போட்ற நேரம்.

— வேற லைன அந்தப் பொட்டில மாட்டு.

— ஆபீசரு சொல்லாம மாத்தக்கூடாது கெங்கா. நீ ஓடு. மருந்து மிஷின் நின்னா கொயந்தைய தூக்கறதுக்கு ஆளு வேணும்.

— ஓட்றேன். அதுக்கு மின்ன ஒண்ணு சொல்லு. ஆபீசரு முடிவு பண்ணசொல்ல நீ கூட இருந்தியா?

— இருந்தேன்.

— இன்னா பாத்து நம்ம லைன எட்த்தாரு?

— ஆஸ்பத்திரி லைனு, தண்ணி பம்பு லைனு ரெண்டும் தொடக்கூடாது. மீதில ஒண்ண மாட்டணும். ஐஸ் பேக்டரிக்காரன் கட் ஆன ஒடனே போன் பண்ணி கத்துவான். மெயின் ரோட்டு கடைக்காரங்க ஒரு வாட்டி கும்பலா வந்து நம்ம கேட்டையே ஒட்ச்சிட்டாங்க. பட்டறைக்காரங்களுக்கு சங்கம் கீது.

— நம்ம ஜனம்?

— ஒரு போன் கூட வந்ததில்ல. வருசம் பூரா. எந்த லைன்ல சத்தமே வர்லியோ அத்த மாட்டுன்னாரு ஆபீசரு. மாட்னேன். எங்காளுங்க தங்கமானவங்க சார், பொறுத்துப்பாங்கன்னு பெருமையா வேற சொன்னேன்.

— பொறுத்துகினாங்களா.

— இன்னா கெங்கா, ஒரு மாதிரி ஆயிட்ட? ஒக்காரு.

— மலர்க்கொடி எத்தினி வாட்டி ஒரு ரூபா காச எட்த்துகினு போன் பூத்துக்கு கெளம்பினா தெரியுமா? நம்ம பிளாக்கு டில்லிபாபு அல்லாரையும் சேத்துகினு உன் ஆபீசு வாசல்ல வந்து ஒக்காரப் போறேன்னான்.

— அப்பறம் ஏன் யாருமே வர்ல?

— நீங்க சத்தம் போட்டா என் வூட்டுக்காரன் வேல பூடும்னு ஒவ்வொரு வாசப்படியா ஏறி அவங்க வாயக் கட்னவ நாந்தான்யா.