இரண்டாவது இயந்திரத்தின் சிவப்புப் புள்ளி

காலையில் ஐந்தரைக்கு எழுந்துவிடுவேன் சார். பல் விளக்கி, பால் காய்ச்சி, டீ போட்டு ஆற வைப்பேன். டீ ஆறுகிற நேரத்தில் பட்டறையைப் பெருக்குவேன். மூன்று மாதமாக அங்கே ஒரு பலகைகூட அறுக்கவில்லை. ஆனாலும் பெருக்குவேன். பிறகு அலமாரியிலிருந்து நகப்பூச்சு அழிக்கிற திரவத்தையும் கொஞ்சம் பஞ்சையும் எடுத்துக்கொண்டு இரண்டாவது இயந்திரத்தின் முன்னால் போய் நிற்பேன். சற்று நேரம் நின்றுவிட்டு இரண்டையும் திரும்ப அலமாரியிலேயே வைத்துவிடுவேன். அதற்குள் டீ குடிக்கிற பதத்துக்கு வந்திருக்கும்.

நாளை மறுநாள் என் மனைவியின் அக்கா லாரி அனுப்புகிறார். அந்த இயந்திரம் அவர் ஊருக்குப் போகிறது. அதனால்தான் வந்தேன். விபத்து என்று எழுதி மூடிய கோப்பை நீங்கள் மறுபடி திறக்கவேண்டியிருக்கும். சிரமத்துக்கு மன்னிக்கவும்.

முதலில் இயந்திரத்தைச் சொல்லிவிடுகிறேன். அறுபது வருடப் பழசு. ஒரே உடம்பில் வட்ட ரம்பம் இருக்கும், கத்திகள் பூட்டிப் பலகை இழைக்கிற உருளை இருக்கும், துளை போடுகிற முனை இருக்கும். எல்லாவற்றுக்கும் ஒரே மோட்டார். பக்கவாட்டில் ஒரு கைப்பிடி, மேலும் கீழும் நகரும். ஒரு பக்கம் தள்ளினால் உருளையும் சேர்ந்து சுற்றும். மறுபக்கம் தள்ளினால் ரம்பம் மட்டும்.

எங்களிடம் முதலில் இருந்த இயந்திரத்தில் எழுத்தெல்லாம் தேய்ந்துபோயிருந்தது. என் மனைவி தன் நகப்பூச்சை எடுத்து, கைப்பிடி நகரும் தடத்தின் மேல்முனையில் ஒரு சிவப்புப் புள்ளி வைத்தாள். கைப்பிடி புள்ளியில் நின்றால் உருளை சுற்றாது. அந்தப் புள்ளியை நம்பி நான் ரம்பத்தில் அறுத்துக்கொண்டிருக்கும்போதே அவள் அடுத்த பக்கம் உருளையில் கத்தி மாற்றுவாள். செய்யக்கூடாதுதான். நான்கு வருடம் அப்படித்தான் செய்தோம். ஒரு கீறல் இல்லை. புள்ளியின் பொருள் எங்கள் இருவருக்கும் அக்காவுக்கும் மட்டும்தான் தெரியும். அக்கா போன வருடம் ஒரு மாதம் எங்களோடு வேலை செய்தார். அன்று நீங்கள் வந்து பார்த்தபோது பெயின்ட் சிந்தியிருக்கிறது என்று நினைத்திருப்பீர்கள்.

நான் படித்தது இஞ்சினியரிங். இயந்திரம் நான் சொல்வதைக் கேட்கும், மரம் அவள் சொல்வதைக் கேட்கும். வாடிக்கையாளர்கள் என்னைப் பார்த்ததும் "அவங்க இல்லையா?" என்று கேட்டுவிட்டு அப்படியே திரும்பிப் போவார்கள். எனக்கு அதில் வருத்தம் இல்லை.

இரண்டாவது இயந்திரத்தை மூடிப்போன ஒரு பள்ளிக்கூடத்தின் பட்டறையிலிருந்து அவள்தான் வாங்கி வந்தாள். அதே கம்பெனி, முதலாவதைவிடப் பத்து வருடம் மூத்தது. எலிகள் குடித்தனம் நடத்தியிருந்தன. இறக்கி வைத்த அன்று கத்திக்குச் சாணை பிடிக்கிறவர் வந்திருந்தார். இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஏம்மா, ஒரு உறையில ரெண்டு கத்தியா?"

"ஒண்ணு வெளிய போகப் போகுதுண்ணே," என்றாள்.

அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். சாயங்காலம்தான் கேட்டேன்.

"அக்கா ஊர்ல ஒரு ஷெட் பாத்திருக்கேன். மெஷின் ஓட ஆரம்பிச்சதும் கிளம்பறேன். சண்டை ஒண்ணும் இல்ல. எனக்கு இங்க மூச்சு முட்டுது."

"நான் என்ன பண்ணேன்?"

"ஒண்ணும் பண்ணல. எங்க போனாலும் கூடவே வந்து நிக்கிறீங்க. அவ்ளோதான்."

இதில் என்ன தவறு என்று இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை. அவள் கை எப்போதும் வேலையில் இருக்கும், அதனால் அவள் போனை நான் வைத்துக்கொள்வேன். யார் கூப்பிட்டாலும் நானே பேசிவிடுவேன். அவள் குளிக்கும்போது பேச்சுத்துணைக்குக் கதவுக்கு வெளியே நாற்காலி போட்டு உட்காருவேன். அதைப் போய்க் குறையாகச் சொன்னாள்.

பழுது பார்க்க என்னை விட்டால் வேறு ஆள் இல்லை. மறுக்கவும் முடியாது. மறுத்தால் வெளியிலிருந்து யாரையாவது கூட்டி வருவாள். ஒவ்வொரு பாகமாகக் கழற்றி மண்ணெண்ணெயில் ஊறப்போட்டேன், துருவைச் சுரண்டினேன், சாம்பல் நிறம் அடித்தேன். இரண்டு மாத வேலை, ஏழு மாதம் ஆயிற்று. சில சாமான்கள் காணாமல் போயின. நான்தான் எடுத்து வைத்தேன். அந்த ஏழு மாதம் அவள் என் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்து உப்புத்தாள் தேய்த்தாள். நாங்கள் சேர்ந்து வாழ்ந்ததில் அதுதான் நல்ல காலம்.

ஒருநாள் என் பழைய ஷூவைக் கையில் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"இஞ்சினியர் சார், பேரிங் கிடைச்சிடுச்சு. உங்க ஷூவுக்கு அது சைஸ் இல்ல போல."

கோபப்படவில்லை. சிரித்தாள். கோபப்பட்டிருந்தால் காலில் விழுந்திருப்பேன். சிரிக்கிறவளிடம் என்ன செய்ய முடியும்? அந்த வாரமே பாகங்களைப் பூட்டவேண்டியதாகிவிட்டது.

இந்த இரண்டாவது இயந்திரத்தில் கைப்பிடி நேர்மாறாக வேலை செய்யும். கீழே தள்ளினால்தான் உருளை நிற்கும். அந்தப் பகுதியைக் கழற்றியதும் பூட்டியதும் நான். அவளுக்குத் தெரியாது. ஓட்டிப் பார்த்த அன்றும் நான்தான் கைப்பிடியில் நின்றேன். உருளையில் கத்தி இல்லை, மேலே மூடி இருந்தது. அவள் ரம்பத்தை மட்டும் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு நகப்பூச்சுப் புட்டியை என்னிடம் நீட்டினாள்.

"நீங்களே வைங்க. உங்க கையால."

மேலே வைத்தேன்.

கணக்குப் போட்டுத்தான் வைத்தேன். கத்தி உருளைக்கு வெளியே ஒரு மில்லிமீட்டர் நீட்டிக்கொண்டிருக்கும். பட்டால் ஒரு விரல் நுனி, அதுவும் இடது கை. ஆறு வாரம் கட்டு. அவளால் தலை வார முடியாது, நான் வாரிவிடுவேன். ஊட்டிவிடுவேன். ஆறு வாரத்தில் மனிதர்கள் மனம் மாறுகிறார்கள். இதை நான் வன்மத்தில் செய்யவில்லை. எனக்கு வேண்டியிருந்தது அவகாசம்.

மறுநாள் காலை சாணை பிடித்து வந்த கத்திகளை அவள் உருளையில் பூட்டிக்கொண்டிருந்தாள். கைப்பிடியை மேலே அவளேதான் தள்ளியிருந்தாள். லாரியில் இயந்திரத்துக்கு முட்டுக்கொடுக்க நாலு கட்டை வேண்டும் என்றாள். நான் ரம்பத்துப் பக்கம் போய் நின்றேன்.

"போடட்டுமா?"

எட்டிப் புள்ளியைப் பார்த்தாள். "ம், போடுங்க. எனக்கு இன்னும் ரெண்டு போல்ட்தான்."

அது எனக்குக் கேட்டதா என்று நீங்கள் கேட்பீர்கள். கேட்டது. இறுக்காத கத்தி, நிமிடத்துக்கு நாலாயிரம் சுற்று. படித்தவனுக்கு அது என்ன ஆகும் என்று தெரியும். தெரிந்ததும் விரல் சுவிட்சை அழுத்தியதும் ஒரே நேரத்தில் நடந்தன. எது முதலில் என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

அவள் விரலுக்கு ஒன்றும் ஆகவில்லை. கத்தி உருளையை விட்டுப் பறந்து வந்து தொடையின் உள்பக்கம் இறங்கியது. இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்தேன். விரலிடுக்கு வழியாக வந்துகொண்டே இருந்தது. அவள் போனும் என் போனும் என் சட்டைப் பையில்தான் இருந்தன. எடுக்க மூன்றாவது கை இல்லை. சத்தம் கேட்டு வந்த பக்கத்துப் பட்டறைக்காரர்தான் ஆம்புலன்சுக்குச் சொன்னார். பதினெட்டு நிமிடத்தில் வந்துவிட்டார்கள். அவளுக்கு நான்கு நிமிடம் போதுமானதாக இருந்தது.

கைப்பிடியைத் தள்ள மறந்துவிட்டாள் என்று உங்களிடம் சொன்னேன். கடைசியாக என்ன பேசினாள் என்று கேட்டீர்கள். "என்னை விட்டுட்டுப் போகாதீங்க" என்றாள் என்று சொன்னேன். எழுதிக்கொண்டீர்கள். அக்கா அதைக் கேட்டு என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். பல நாள் நானும் அதை நம்பினேன். சொல்லக்கூடியவள்தான்.

இப்போது லாரி வருகிறது. புள்ளியை அழித்துவிட்டால் நான் செய்தது எனக்கே இல்லாமல் போய்விடும். விட்டுவைத்தால் அக்கா அதை நம்பிக் கை வைப்பார். இரண்டில் எதையும் செய்ய முடியாமல் தினமும் பஞ்சை அலமாரியில் திரும்ப வைக்கிறேன். நீங்கள் யாரையாவது அனுப்பி அழித்துவிடுங்கள்.

எழுதிக்கொள்வதாக இருந்தால் அவள் கடைசியாகப் பேசியதையும் திருத்திக்கொள்ளுங்கள் சார். அவள் தலை என் மடியில் இருந்தது. கைப்பிடி இருந்த பக்கம் கண்ணைத் திருப்பினாள். பிறகு என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"புள்ளி மாறியிருக்கு. பாத்து... நீங்க கைய வெச்சிடாதீங்க."