சீல் வைத்த முப்பது கவர்கள்

ஃபாத்திமா: இன்னும் மூணாம் பக்கத்துலயே நிக்கிறீங்களா, வேதாசலம் சார்?

வேதாசலம்: படிச்சுப் பாத்துட்டுக் கையெழுத்துப் போடுங்கன்னு நீங்கதானே சொன்னீங்க, மேடம்.

ஃபாத்திமா: நீங்க எழுதின ரிப்போர்ட் சார் அது. எழுதினதை விடப் படிக்க அதிக நேரமா? பதினொண்ணுக்கு போர்டு மீட்டிங். இன்னும் பத்து நிமிஷம்தான்.

வேதாசலம்: கண்ணாடி மாத்தணும்... "முப்பது ஊழியர்கள் நாற்பது நாட்கள் நம் புதிய போனை மட்டுமே பயன்படுத்தினர். அவர்களுடைய சொந்தப் போன்கள் சீல் வைத்த கவர்களில், சோதனைப் பொறுப்பாளரின் அலமாரியில் உள்ளன"... பொறுப்பாளர்னா நான்தானே?

ஃபாத்திமா: வேற யாரு? சாவி உங்க இடுப்புலதானே தொங்குது.

வேதாசலம்: ஹவ், ஆமா... தொங்குது.

ஃபாத்திமா: என்ன சார் பயம்?

வேதாசலம்: பதினாறு வருஷமா ஸ்கூலுக்குக் கம்ப்யூட்டர் செஞ்சு குடுக்கிறோம். நின்னு போச்சுன்னு டீச்சர் கூப்பிட்டா, ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்கம்மான்னு சொல்வோம். ரெண்டு நிமிஷத்துல வந்துடும். யாருக்கும் ஒண்ணும் ஆகாது. போன் அப்படியா? நம்மளுக்கு எதுக்கு இந்த வேலைன்னு...

ஃபாத்திமா: இருபது தடவை பேசியாச்சு. ஸ்கூல் ஆர்டர் பாதியாயிடுச்சு. போன்ல இறங்கலைன்னா தீபாவளிக்குள்ள உப்பல்ல இருக்கிற நம்ம ஃபேக்டரியை மூடிடுவாங்க. நூத்தறுபது பேர் சார்.

வேதாசலம்: எனக்குத் தெரியாதா? அதுல பாதிப் பேர் எங்க ரயில்வே காலனி ஆளுங்க. நான் கூட்டிட்டு வந்து சேர்த்தவங்க.

ஃபாத்திமா: அப்புறம் கைக்கு... எதுக்கு யோசிக்கிறீங்க? பாருங்க, உங்க ஊர் உருதுப் பேச்சு எனக்கும் ஒட்டிக்கிச்சு.

வேதாசலம்: தஞ்சாவூர் வாயில அது நல்லாவே இல்ல, மேடம்.

ஃபாத்திமா: சிரிச்சீங்கல்ல... போடுங்க.

வேதாசலம்: அந்தக் கோளாறு... திடீர்னு செத்த மாதிரி கிடக்கும், கால் வந்தாலும் அடிக்காது. அது...

ஃபாத்திமா: சரி பண்ணியாச்சு. போன வாரம்தானே புது சாஃப்ட்வேர் ஏத்தினோம். இதோ, என் போன் மேசை மேலதான் இருக்கு. ஒழுங்கா வேலை செய்யுது.

வேதாசலம்: உங்க பையனுக்கு வீசிங் வரும்னு சொன்னீங்களே. தார்நாகா ஸ்கூல்ல எந்த நம்பர் குடுத்திருக்கீங்க?

ஃபாத்திமா: இது... இந்த நம்பர்தான். ஏன்?

வேதாசலம்: சும்மாதான்... பேனா எழுத மாட்டேங்குது.

ஃபாத்திமா: என் பேனா இருக்கு. இந்தாங்க.

வேதாசலம்: மேடம்... உங்க கைப்பையில ஏதோ அதிருது.

ஃபாத்திமா: ஒண்ணுமில்ல. நீங்க போடுங்க.

வேதாசலம்: திரும்பவும் அதிருது...

ஃபாத்திமா: ஒரு நிமிஷம்... ஹலோ... ஆமா, யூசுப்போட அம்மாதான்... எப்போ?... இன்ஹேலர் குடுத்தாச்சா?... மூச்சு சரியா வருதா?... அவன்கிட்ட குடுங்க... யூசுப், உம்மா வந்துடறேன்டா... சரி சரி, தெலுங்குலயே சொல்லு. பேசுறியே, அது போதும்...

வேதாசலம்: எப்படி இருக்கான்?

ஃபாத்திமா: இப்ப தேவலையாம். உட்கார வெச்சிருக்காங்க... சார், அவங்க முதல்ல மேசை மேல இருக்கிற போனுக்குத்தான் மூணு தடவை அடிச்சாங்களாம்.

வேதாசலம்: நாம ரெண்டு பேரும் இங்கதானே உட்கார்ந்திருக்கோம்...

ஃபாத்திமா: அடிக்கல. தொட்டுப் பாருங்க. செத்துக் கிடக்கு.

வேதாசலம்: ஆமா... ஸ்க்ரீன்கூட வரல.

ஃபாத்திமா: அந்தப் பேனாவை வெச்சிடுங்க சார். என் பழைய போன் உங்க அலமாரியில இல்ல. என் பையிலதான் இருக்கு, ஸ்கூல்ல ரெண்டு நம்பரும் குடுத்திருக்கேன். அந்தக் கவர்ல நான் போட்டது சோப்பு.

வேதாசலம்: சோப்பா?

ஃபாத்திமா: சந்தன சோப்பு. கையில எடுத்தா போன் கனம்தான் இருந்துச்சு. முதல் நாளே போட்டுட்டேன். பிள்ளை விஷயத்துல மனசு ஒப்பல. ஊருக்கெல்லாம் இதை விக்கலாம்னு நாற்பது நாளா பேசுறேன், என் பிள்ளைக்கு மட்டும் வேற போன்... வெக்கமா இருக்கு சார்.

வேதாசலம்: மெதுவா... கதவு திறந்திருக்கு.

ஃபாத்திமா: இருக்கட்டும். இப்போதைக்கு போன்ல இறங்க வேண்டாம்னு போர்டுல நானே சொல்லிடறேன்.

வேதாசலம்: நூத்தறுபது பேரு, மேடம்...

ஃபாத்திமா: ஆறு மாசம் டைம் கேட்டுப் பாக்கிறேன். குடுப்பாங்களோ என்னமோ, தெரியல... அலமாரியைத் திறங்க. என் கவரை எடுத்துட்டுப் போய்க் காட்டறேன். ஏமாத்தினது நான் ஒருத்திதான்னு எழுதிடுங்க. மத்த இருபத்தொன்பது பேரும் ரூலை மதிச்சிருக்காங்க, அவங்க பேர் கெடக் கூடாது.

வேதாசலம்: திறக்கத்தான் வேணுமா?

ஃபாத்திமா: மணி ஆகுது சார்.

வேதாசலம்: மூணாவது வாரமே ஒவ்வொருத்தரா அவங்க போனைக் கேட்டு வந்து நின்னாங்க, மேடம். லூர்துமேரியோட பொண்ணு நிறைமாசம், மோகனோட அப்பா ஐ.சி.யூ.ல... நக்கோ, முடியாதுன்னு எப்படிச் சொல்றது? எடுத்துட்டுப் போங்கன்னுட்டேன். ரெஜிஸ்டர்ல மட்டும் எழுதல, ஃபேக்டரியை மூடிடுவாங்களேன்னு... இந்தாங்க சாவி. உள்ள இருக்கிறது உங்க சோப்பு மட்டும்தான்.