குளிர் அறைக்கு வைத்த சீல்

ஒரு பாரைத் திறந்து வைக்க எந்த மடையனாலும் முடியும். மூடி வைப்பதற்குத்தான் மூளை வேண்டும். எழுதியே கொடுத்துவிடுங்கள் என்று நீங்கள் சொன்னதால், ஐயா, அதிலிருந்தே தொடங்குகிறேன்.

இருபத்திரண்டு வருடமாக அந்தப் பாருக்கு நான்தான் மேலாளர். முதலாளி வெளியூரில் இருக்கிறார். வருடத்தில் சில அரசு விடுமுறை நாட்களில் மது விற்கக் கூடாது. எங்கள் தொழிலில் அதற்கு ட்ரை டே என்று பெயர். மற்ற நாட்களில் ஒரு கிளாஸோடு எழுந்து போகிறவர்கூட அன்றைக்கு மூன்று கேட்பார். கூடாது என்று சொன்ன பிறகுதானே நாக்கு நீளுகிறது. அதனால் ஒவ்வொரு பாருக்கும் ஒரு வழி உண்டு. சிலர் கூல்டிரிங்ஸ் பாட்டிலில் ஊற்றிக் கொடுப்பார்கள். சிலர் மாடியில் பிறந்தநாள் விருந்து என்று எழுதி ஒட்டிவிட்டு, யாருக்குப் பிறந்தநாள் என்று கேட்டால் விழிப்பார்கள். நாங்கள் முன் ஷட்டரை இறக்கிவிட்டு, பழகிய ஐந்து பேரை மட்டும் சமையலறை வழியாக உள்ளே விடுவோம். டீக் கோப்பையில் ரம். சீல் வைக்கக் கலால் அதிகாரி வந்து ஷட்டரைத் தட்டினால் ஐவரும் பின்பக்கக் குட்டிச் சுவரைத் தாண்டி அடுத்த கட்டடத்து அச்சகத்துக்குள் போய்விடுவார்கள். அச்சகக்காரரும் அந்த ஐவரில் ஒருவர்தான், அதனால் கதவு திறந்தே இருக்கும்.

நீங்கள் கேட்கிற அந்த ட்ரை டே அன்று, காலை பத்து மணிக்கு ஆறாவதாக என் மாப்பிள்ளை வந்தார். என் தங்கையின் கணவர். அவர் குடிக்க வரவில்லை. இதை நான் மறைக்கப் போவதில்லை. குடியை விட்டு அவருக்கு ஐந்து மாதம் ஆகியிருந்தது.

"வேலையை வேற ஊருக்கு மாத்திட்டாங்க மச்சான். திங்கக்கிழமை நாங்க கிளம்பறோம். உங்ககிட்ட சொல்ல அவ பயப்படறா. அதான் நானே வந்தேன்" என்றார்.

எங்கள் பெற்றோர் போனபோது தங்கைக்குப் பத்து வயது, எனக்குப் பத்தொன்பது. நான்தான் வளர்த்தேன். மாப்பிள்ளை பார்த்ததும் நான்தான். கட்டிக் கொடுத்த பிறகும் என் வீட்டு மாடியிலேயே இருக்க வேண்டும் என்று ஒரே ஒரு நிபந்தனை வைத்தேன். நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தேவைப்படவில்லை. இருபத்தைந்து வருடமாக என் தட்டில் சோறு போடுவது அவள்தான். அவளுடைய மகள் எழுத்துக் கூட்டிப் படித்த முதல் சொல் 'மாமா'. அவர் 'திங்கக்கிழமை' என்றதும் எனக்குப் பயமாக இருந்தது. வெறும் பயம்தான், கோபம் இல்லை.

"நல்ல சேதிதானே மாப்பிள்ளை" என்று சொல்லி ஒரு கோப்பையை எடுத்து வைத்தேன்.

"வேணாம் மச்சான். அவகிட்ட சத்தியம் பண்ணியிருக்கேன்."

"ஊரே இன்னைக்குக் காஞ்சு கிடக்கு. உங்களை யாரு பாக்கப் போறாங்க? வழியனுப்ப ஒண்ணே ஒண்ணு."

கோப்பையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு எடுத்தார். ஒன்று நான்கானது. பழக்கம் விட்ட உடம்பு, சீக்கிரம் தள்ளாடிவிட்டது.

பதினொன்றரைக்கு ஷட்டர் தட்டப்பட்டது. ஐவரும் சுவர் தாண்டிவிட்டார்கள். மாப்பிள்ளையால் எழுந்திருக்கவே முடியவில்லை. "காலு எங்கயோ போயிடுச்சு மச்சான்" என்று சிரித்தார். அவரைத் தாங்கிக்கொண்டு போய் பீர் வைக்கிற குளிர் அறையில், காலிப் பெட்டி ஒன்றைக் கவிழ்த்து உட்காரவைத்தேன். "பத்து நிமிஷம். சத்தம் போடாதீங்க" என்றேன். குழந்தை மாதிரி வாயில் விரலை வைத்துக் காட்டினார். அந்தக் கதவுக்கு உள்பக்கக் கைப்பிடி உடைந்து பல மாதம் ஆகிறது. உள்ளே போகிற பையன்களும் சரி, நானும் சரி, ஒரு செங்கல்லை முட்டுக்கொடுத்துவிட்டுத்தான் போவோம். செங்கல்லைக் காலால் நகர்த்தினேன். கதவு மூடிக்கொண்டது.

வந்த அதிகாரி புதியவர், இளம் பெண். பாட்டில் இருக்கும் சரக்கு அறைக்குக் காகித சீல் ஒட்டினார். வழக்கமாக அதோடு போய்விடுவார்கள். இவர் திரும்பி, "இது என்ன கதவு?" என்றார்.

"பீர் வைக்கற குளிர் அறை மேடம்."

"பீரும் மதுதானே. இதுக்கும் வெச்சிடலாம்."

என் இருபத்திரண்டு வருடத்தில் அந்தக் கதவுக்கு யாரும் சீல் வைத்ததில்லை. அதனால்தான் மாப்பிள்ளையை அங்கே வைத்தேன். அதிகாரி காகிதத்தை எடுத்தார், பசைக் குப்பியைத் திறந்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"உள்ள இருந்து ஏதாவது எடுக்கணுமா? பால், காய்கறி ஏதாச்சும்? இருந்தா இப்பவே எடுத்துடுங்க. நாளைக்குக் காலைல பத்து மணிக்கு நான் வந்துதான் திறக்கணும்."

நல்ல பெண். இதைக் கேட்க வேண்டிய அவசியம் அவருக்கு இல்லை. நான் யோசித்தேன். கதவைத் திறந்தால் ட்ரை டே அன்று குடித்த ஆள் ஒருவர் வெளியே வருவார், உரிமம் போய்விடும், பாரில் வேலை பார்க்கிற பதினோரு பேர் குடும்பம் தெருவுக்கு வரும். இதையெல்லாம் யோசித்து முடித்தபோதும் அவர் தூரிகையைப் பசையில் நனைத்து முடித்திருக்கவில்லை.

"ஒண்ணும் இல்ல மேடம்" என்றேன்.

அப்போது உள்ளே ஒரு பாட்டில் உருண்டது. அவர் கை நின்றது. "பெட்டி சரிஞ்சிருக்கும். அடுக்கினவன் அரைகுறை" என்றேன். மாப்பிள்ளையும் மேற்கொண்டு அசையவில்லை. திருடனுக்குத் தேள் கொட்டின கதைதான், வெளியே அதிகாரி நிற்கும்போது அவர் எப்படிக் கத்துவார்? காகிதம் ஒட்டப்பட்டது. அதிகாரியின் கையெழுத்துக்குக் கீழே நானும் போட்டேன்.

அவர் போன பிறகு தட்டும் சத்தம் தொடங்கியது. முதலில் உள்ளங்கையால், பிறகு எதையோ எடுத்து. கனமான கதவு என்பதால் எங்கோ மாடி வீட்டில் ஆணி அடிப்பது போலத்தான் கேட்டது. நான் கோப்பைகளைக் கழுவினேன். அரசாங்க சீலைக் கிழிப்பது குற்றம், ஐயா. சத்தம் நிற்காததால் கதவு இடுக்கில் வாயை வைத்து, "அந்தம்மா இன்னும் போகல மாப்பிள்ளை. கொஞ்சம் பொறுங்க" என்றேன். அவர் போய்ப் பத்து நிமிடம் ஆகியிருந்தது. மாப்பிள்ளை தட்டுவதை நிறுத்திவிட்டார். என் பேச்சுக்கு அவர் எப்போதுமே மரியாதை கொடுப்பார்.

மதியம் தங்கை போன் செய்தாள்.

"அண்ணா, அவர் அங்க வந்தாரா?"

"இல்லியேம்மா. இன்னைக்குக் கடை ஏது?"

"உங்ககிட்ட ஒண்ணு பேசணும்னுதான் கிளம்பினாரு."

"என்ன பேசணுமாம்?"

"நீங்க சாப்பிட வாங்க" என்றாள்.

போனேன். மாடிப்படியில் தங்கை மகளின் பள்ளிப் புத்தகங்கள் கயிறு போட்டுக் கட்டப்பட்டிருந்தன. தங்கை பரிமாறினாள், இரண்டாவது தடவையும் வாங்கிச் சாப்பிட்டேன். திங்கட்கிழமையைப் பற்றி அவள் ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. எனக்கு அது வலித்தது. தூக்கி வளர்த்த கைக்கு அவ்வளவுதான் மதிப்பு என்று நினைத்தேன்.

இதுவரைக்கும் முன்பே உங்களிடம் சொன்னதுதான். சீல் வைத்த கதவை நான் எப்படித் திறப்பேன் என்று கேட்டேன், நீங்களும் தலையாட்டினீர்கள். ஆனால் அந்த அதிகாரிக்குக் கூர்மையான கண். அவருடைய குப்பிப் பசை காய்ந்தால் மஞ்சளாக நிற்குமாம். மறுநாள் குளிர் அறைக் கதவில் இருந்தது வெள்ளையாக, மாவுப் பசையாக இருந்ததாம். சரி, மீதியையும் எழுதிவிடுகிறேன்.

சீலைக் கிழிக்க வேண்டியதில்லை. கெட்டிலில் தண்ணீர் கொதிக்கவைத்து, கெட்டிலின் மூக்கைக் காகிதத்துக்கு நேரே பிடித்தால் ஓரம் தானாக எழும்பும். வேண்டியதை எடுத்துக்கொண்டு மாவுப் பசையால் திரும்ப ஒட்டிவிடலாம். சரக்கு அறையின் சீலை ஒவ்வொரு ட்ரை டேயிலும் மாலை ஐந்து மணிக்கு நான் இப்படித்தான் திறப்பேன். ஐந்து நிமிட வேலை.

அன்றும் ஐந்து மணிக்கு ஐவரும் திரும்பி வந்தார்கள். "மாப்பிள்ளை எங்க?" என்று அச்சகக்காரர் கேட்டார். "அப்பவே வீட்டுக்குப் போயிட்டாரு" என்றேன். அவர்களுக்கு பீர் வேண்டுமாம். அவர்களை முன்கூடத்தில் உட்காரவைத்துவிட்டுக் கெட்டிலை எடுத்துக்கொண்டு பின்னால் போனேன்.

மாப்பிள்ளை பெட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தார். சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டு, அட்டைப் பெட்டி ஒன்றைப் பிரித்து மேலே சுற்றிக்கொண்டிருந்தார். உதடு கறுத்திருந்தது. உயிரோடு இருந்தார். என்னை அடையாளம் தெரிந்தது.

"வந்துட்டீங்களா மச்சான்" என்றார்.

எழுந்திருக்க அவர் முயலவில்லை. நான் தூக்கிவிடுவேன் என்று கையை மட்டும் நீட்டினார். ஆளுக்கு இரண்டு என்று பத்து பாட்டில் எடுத்தேன். ஒரே தடவையில் கொண்டுபோக முடியாததால் இரண்டு நடை ஆனது. இரண்டாவது நடையிலும் கை நீட்டியபடிதான் இருந்தது. கதவை மூடினேன். பசை தடவி, காகிதத்தை ஒட்டி, கோணலாக இருக்கிறதா என்று தள்ளி நின்று பார்த்தேன்.

ஆகவே உரிமத்துக்காக என்று முன்பு சொன்னதை அடித்துவிடுங்கள். குளிரும் கொல்லவில்லை, குடியும் கொல்லவில்லை. நான்தான் கொன்றேன். அவர் கெட்டவர் இல்லை, என் தங்கையை ஒரு நாளும் கைநீட்டி அடித்ததில்லை. அவளைக் கூட்டிக்கொண்டு போகப் பார்த்தார், அது ஒன்றுதான்.

தங்கை மகளைக் கூட்டிக்கொண்டு, வீட்டைப் பூட்டிச் சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டு, ஊரைவிட்டே போய்விட்டதாக உங்கள் காவலர் நேற்றுச் சொன்னார். அவர் ஆளை மாற்றிப் பார்த்திருப்பார். அண்ணனைத் தனியாக விட்டுவிட்டு அவள் எங்கே போவாள்? மதியச் சாப்பாடு எடுத்துக்கொண்டு வருவாள், ஐயா. வாசலில் காக்கவைக்காமல் உள்ளே விடச் சொல்லுங்கள்.